மச்சான் மூச்சு

கஸ்பாரின் குறட்டை நின்றுபோன நாளிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

இதைச் சொன்னால் பழையகாயலில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கஸ்பார் மச்சாதுவின் குறட்டை அந்தத் தெருவுக்கே பொதுச்சொத்து. கோயில் மணி பிந்தினாலும் பிந்தும், அவர் குறட்டை பிந்தாது என்று கேலி பேசுவார்கள். அவர் மனைவி பிரகாசி மட்டும் அந்தக் கேலியில் சேர்ந்துகொண்டதில்லை. தெருவில் இருப்பவர்களுக்குக் குறட்டை கேட்கும். அது நடுநடுவே நிற்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். குறட்டை நின்றால் மூச்சும் நின்றிருக்கிறது என்று அர்த்தம். உடனே அவள் முழங்கை போய் அவர் விலாவில் இடிக்கும். அவர் ஒரு கனைப்புக் கனைத்து, புரண்டு, மறுபடியும் தொடங்குவார். அவளும் கண்ணை மூடுவாள். கல்யாணமான புதிதில் பயந்து பயந்து செய்தாள். பிறகு பழகிவிட்டது. பிறகு, செய்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

இப்போது கஸ்பாரின் முகத்தில் ஒரு முகமூடி. மூக்கை மூடி, தாடைக்கு அடியில் ஒரு பட்டையாக இறங்கி, பின்மண்டையில் இரண்டு வாரால் இறுகும் சாதனம். சத்தமே இல்லை. பிரகாசி இருட்டில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தமின்மையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாரா என்று மார்பில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது, போனது, ஒழுங்காக. அந்த ஒழுங்குதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

முகமூடி வந்த கதை இதுதான். கஸ்பார் குளிகாரர், கடலடிக்கு மூழ்கிப்போய் வேலை பார்க்கிறவர். ஒரு காலத்தில் சங்குக்காகக் கடலடிக்குப் போனவர்களின் பிள்ளைகள் இப்போது மின்கம்பிக்காகப் போகிறார்கள். கடலுக்கு நடுவே காடுபோல் நிற்கும் காற்றாலைகளுக்கெல்லாம் அடியில் கம்பி ஓடுகிறது. அது அறுந்தால் ஒட்டவும் அரித்தால் மாற்றவும் மனிதக் கைதான் வேண்டியிருக்கிறது. எந்திரத்தை இறக்கிப் பார்த்த காற்றாலைக் கம்பெனி, அது கம்பியையும் நண்டையும் ஒரே மாதிரி பிடிப்பதைக் கண்டு, கஸ்பார் போன்றவர்களிடமே திரும்பி வந்தது. அப்படி ஒரு நாள் இறங்கியவர், அடியில் கம்பியைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். மேலே படகில் கயிறு பிடித்திருந்த இஞ்ஞாசி, கயிற்றின் துடிப்பு போதவில்லை என்று உணர்ந்து இழுத்துப் போட்டதால் பிழைத்தார்.

இஞ்ஞாசி பிரகாசியின் அண்ணன். கடலில் இறங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் பழைய ஏற்பாடு. கூடப்பிறந்தவள் தாலியறுக்க எந்த அண்ணன் தம்பியும் கையை நழுவவிடமாட்டான் என்பது கணக்கு. கம்பெனி எந்திரக் கப்பியெல்லாம் வைத்துப் பார்த்தது. கயிற்றின் நுனியில் மச்சான் இல்லையென்றால் இறங்க மாட்டோம் என்றார்கள் குளிகாரர்கள். கம்பெனிக்காரர்கள் இதை வெறும் சொந்தபந்த வேலைவாய்ப்பு என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

கண்ணயர்ந்த செய்தி தெரிந்ததும் கம்பெனி அவரைத் தூத்துக்குடியில் உள்ள தூக்க வைத்தியசாலைக்கு அனுப்பியது. நல்ல தூக்கம் தூங்குகிறார் என்று அங்கே எழுதிக் கொடுத்தால்தான் மறுபடியும் ஆழத்துக்கு. இல்லாவிட்டால் கரையில் உட்கார்ந்து கண்காணிப்புத் திரை பார்க்கிற வேலை. மழைக்காலத்துக்குள் முடிவு தெரிய வேண்டும்.

டாக்டர் குமுதவல்லி மதுரைப் பக்கத்துப் பெண். நிதானமாகத்தான் சொன்னாள்.

"அண்ணாச்சி, தூங்கும்போது உங்க தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைச்சிடுது. மூளை பயந்துபோய் உங்களைப் பாதி முழிப்புக்கு இழுத்துட்டு வருது. ராத்திரி பூரா இதே கதைதான். தூங்கின மாதிரி இருக்கும், தூங்கியிருக்க மாட்டீங்க."

"காத்தைத் தள்ளுத மெஷின் ஒண்ணு உண்டுன்னாவளே?"

"இருக்கு. பழசு, நல்ல மெஷின். ஆனா ஆழத்துக்குப் போறவங்களுக்கு ஆகாது. ராத்திரி முழுக்கக் காத்து ஊதின மூக்கும் காதும் அடியில போய் அழுத்தம் தாங்காது. நீங்க கரையில இருக்கிறவரா இருந்தா இன்னைக்கே குடுத்து அனுப்பிருவேன்."

"கரையில இருக்கதுக்கு நான் எதுக்குத் தூங்கணும்?" என்றார் கஸ்பார். பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். கரையில் முழங்கால் வலியும் தொந்தியுமாக நடக்கிற மனிதர் தண்ணீருக்குள் போனால் இளந்தாரி. அடியில் இருக்கும் நேரத்தைத்தான் அவர் தன் வயதாகக் கணக்கு வைத்திருந்தார்.

டாக்டர் புது முகமூடியை எடுத்துக் காட்டினாள். "இது காத்து தள்ளாது. இந்த மார்புப் பட்டையை இன்னொருத்தர் கட்டிக்குவார். அவர் மூச்சு ஏறி இறங்கறதை இந்த முகமூடி உங்க தாடைக்கு அடியில இருக்கிற நரம்புக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். பக்கத்துல படுத்திருக்கிறவங்க மூச்சோட நம்ம மூச்சு தன்னால ஒத்துப்போகும் பாத்திருக்கீங்களா? அதேதான், கொஞ்சம் பலமா. அவர் எந்த ஊர்ல படுத்திருந்தாலும் சரி. பொதுவா மனைவியைத்தான் போடுவோம்."

கஸ்பார் பெரிதாகச் சிரித்தார். "மச்சான் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது பொம்பளையைப் போடுததா? ஊரு சிரிக்கும்."

பிரகாசியிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் அப்போது அது தப்பாகத் தோன்றவில்லை. இஞ்ஞாசியை அழைத்துப் பட்டையைக் கட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். அழகான, சீரான மூச்சு. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணாச்சி. இவர் தூங்குற நேரத்துக்கு நீங்களும் பட்டையைக் கட்டிக்கிட்டு நிம்மதியாத் தூங்குங்க, போதும்" என்று டாக்டர் சொன்னாள். இஞ்ஞாசி பணிவாகத் தலையாட்டினார்.

முதல் சில நாட்கள் முகமூடியோடு போராட்டம். மீசை இடறி ஓரத்தில் வார் நிற்கவில்லை. மீசையை எடுக்க மாட்டேன் என்று ஒரு வாரம் பிடிவாதம் பிடித்து, எடுத்த மறுநாள் பூசைக்குப் போனார். சாமியார் அவரைப் பார்த்து, 'ஊருக்குப் புதுசா?' என்று கேட்டார். காலையில் கன்னத்தில் வார் பதிந்த தடம் மத்தியானம் வரை போகாது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். மூக்கு நுனி அரித்தால் சொறிய வழியில்லை. "வண்டிமாட்டுக்குக்கூட மூக்குல கயிறு மட்டுந்தான். எனக்கு மூஞ்சி பூராவும்" என்று புலம்பினார். ஆனாலும் ஆயுசுக்கும் முகமூடி போட்டு வேலை பார்த்த மனிதர். பழகிக்கொண்டார்.

தூக்கம் மட்டும் பழகவில்லை. மூச்சு நிற்கவில்லை, அடைக்கவில்லை, முகமூடியோடு வந்த பெட்டியில் எல்லா விளக்கும் பச்சையாகவே எரிந்தது. மனிதர் மட்டும் எழும்பும்போது அடித்துப் போட்டவர்போல எழும்பினார். இரவெல்லாம் கால் ஒரு பக்கம் கை ஒரு பக்கம் உதறிக்கொண்டிருந்தது. முன்பாவது கோபம் வந்தால் சோற்றுத் தட்டோடு முடியும். இப்போது காக்கா கரைந்தால்கூட எரிந்து விழுந்தார்.

"நல்லாத் தூங்குனியளா?"

"தூங்குன மாரிதான் இருக்கு. ஆனா எவனோ ஒருத்தன் பக்கத்துல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருக்கான், பிரகாசி. கனவும் இல்ல. ஒரு இதுவா இருக்கு."

பிரகாசிக்கும் அப்படித்தான் இருந்தது. பகலில் பாத்திரம் கைநழுவியது. உப்பை இரண்டு தடவை போட்டாள்.

மச்சான் மூச்சு ஒத்துவரவில்லையென்றால் வாடகை மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி சொன்னது. தூத்துக்குடியில் அதற்கென்று ஒரு கூடமே நடந்தது. அடுத்த தெரு ஜெனோவா அங்கேதான் வேலைக்குப் போனாள். வேலை என்றால், தூங்குவது. பிரகாசி அவளிடம் போய்க் கேட்டாள்.

"வேண்டாம்க்கா" என்றாள் ஜெனோவா. "தூங்குததுதான் வேலைன்னு ஆனபொறவு தூக்கம் எங்க வருது? மாத்திரை தாராவ. நான் புரண்டு படுத்தா எங்கேயோ எவனோ இருமுதானாம், அதனால ஒரே பக்கமா ஒருச்சாச்சே படுக்கணும். வீட்டுக்கு வந்தா கண்ணு சொக்கும், தூக்கம் வராது. எம் பிள்ளைகிட்ட உங்கம்மா என்ன வேலை பாக்கான்னு கேட்டா, எங்கம்மா வேற ஆளுக்காவத் தூங்குதான்னு சொல்லுது."

இந்த ஆற்றாமையோடு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன பிரகாசி, நற்செய்தி வாசிக்கும்போது ஆண்கள் பக்கம் ஒரு சலசலப்பைக் கேட்டாள். இஞ்ஞாசி. நின்ற நிலையிலேயே தூங்கி, முன்னால் நின்றவர் முதுகில் சாய்ந்துவிட்டார். கோயிலில் சிரிப்பு. பிரகாசி சிரிக்கவில்லை. அண்ணன் கண்ணுக்குக் கீழே கரிபூசினதுபோல் கறுத்திருந்தது. இந்த மனிதர்தான் மறுபடியும் படகில் கஸ்பாருக்குக் கயிறு பிடிக்கப் போகிறார்.

பூசை முடிந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே மைனி பிடித்துக்கொண்டாள்.

"நீயே கேளு உங்கண்ணன்கிட்ட. ராத்திரி பூரா பட்டையைக் கட்டிக்கிட்டு நாற்காலியில நிமுந்து உக்காந்திருக்காரு, பொணத்துக்குக் காவலு இருக்க மாதிரி. பாயை விரிச்சாத் தொடமாட்டேங்காரு. கண்ணு சொருவுனா கன்னத்துல தானே அடிச்சிக்கிடுதாரு. எனக்குப் பயமா இருக்கு."

பிரகாசி உள்ளே போனாள். "அண்ணே, நீ தூங்கவே இல்லையா?"

இஞ்ஞாசி அவளை விநோதமாகப் பார்த்தார். "என்னட்டி கேக்கே? ராத்திரி மாப்ள தூக்கத்துக்குள்ள இறங்கியிருக்காருல்லா. கயிறு பிடிச்சவன் கண்ணசரலாமா?"

"டாக்டரம்மா தூங்கச் சொன்னாவல்லா!"

"அது அவுக மரியாதைக்குச் சொன்னது. விருந்துக்குப் போனா, நீங்க சும்மா இருங்க, நாங்க பாத்துக்கிடுதோம்னு சொல்லுவாவ. அதுக்காவ சும்மா இருந்துருவியா? அன்னைக்கு அங்கன சோதனை வச்சாவ. அன்னைக்கும் நான் கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேனே தவிர, ஒரு பொட்டுத் தூங்கலையே. எப்படிச் சீரா விட்டேன் பாத்தியா மூச்சை? டாக்டரம்மாவே அசந்துட்டா." அவர் முகத்தில் பெருமை. அந்தப் பெருமையைப் பார்த்ததும் பிரகாசிக்கு அழுகை முட்டியது. இப்படியும் ஒரு மனிதனை எனக்கு அண்ணனாகக் கொடுத்தாயே என்று மாதாவை நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்று பேருமாக வைத்தியசாலைக்குப் போனார்கள். விஷயத்தைக் கேட்ட டாக்டர் குமுதவல்லி பழைய சோதனைப் பதிவை எடுத்து மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள்.

"பட்டைக்கு மூச்சு மட்டுந்தான் தெரியும். அவர் முழிச்சிருக்காரா தூங்குறாரான்னு தெரியாது. நான் பாத்திருக்கணும்" என்றாள் கடைசியில். "அண்ணாச்சி, இது முழிச்சிருக்கிறவன் மூச்சு. இதைப் பிடிச்சுக்கிட்டுப் போனா நீங்க வாசல்படியிலதான் நிக்க முடியும். தூக்கத்துக்குள்ள போகவே முடியாது. அதனாலதான் இந்தப் பாடு."

கஸ்பார் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று பிரகாசி நினைத்தாள். அவர் இஞ்ஞாசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னவே இது, கூறுகெட்டத்தனம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானமே மறு சோதனை. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவரும் படுத்தார்கள். ஒருவருக்கு முகமூடி, ஒருவருக்குப் பட்டை. சுவரில் ஒரு திரை, அதில் மேலே இஞ்ஞாசியின் மூச்சு, கீழே கஸ்பாரின் மூச்சு என்று இரண்டு கோடு. திரைச்சீலை இழுத்து அறை இருட்டாக்கப்பட்டது. இஞ்ஞாசியின் கண் கூரையிலேயே இருந்தது.

"மச்சான், நான் தண்ணிக்குள்ள இல்ல. மெத்தையிலதான் கெடக்கேன். சும்மா தூங்கும்வே" என்றார் கஸ்பார் முகமூடிக்குள்ளிருந்து.

"வரமாட்டேங்கு மாப்ள. கண்ணை மூடுனா கை தானா இறுகுது."

பிரகாசி நாற்காலியை இரண்டு கட்டிலுக்கும் நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, நான் முழிச்சிருக்கேன். நீ தூங்கு."

இஞ்ஞாசி தலையைத் திருப்பித் தங்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். அவ்வளவுதான். பல வாரத் தூக்கம் மொத்தமாக வந்து அவர்மேல் விழுந்தது.

திரையில் மேல்கோடு மெதுவாக நீண்டது. கீழ்க்கோடும் அதைப் பிடித்துக்கொண்டு நீண்டது. கஸ்பாரின் உதறல் நின்றது, நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. "உள்ள போயிட்டார்" என்று டாக்டர் கிசுகிசுத்தாள். பிரகாசிக்கு நெஞ்சு நிறைந்தது. மீசையில்லாத அந்த முகம், கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்தபோது இருந்த முகம்.

அப்போது மேல்கோடு படுத்தது.

கீழ்க்கோடும் கூடவே படுத்தது.

"பொறுங்கக்கா, ஆழமாப் போகும்போது சில சமயம் இப்படி ஒரு இடைவெளி வரும்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே திரைக்கு அருகே போனாள். பிரகாசி திரையைப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்த நிசப்தம் தெரியும். ஆயுசில் பாதியை அதைக் கேட்டே கழித்தவள். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. பழக்கத்தில் கை புருஷன் விலாவுக்குத்தான் போனது. போன கை பாதியில் நின்றது. இவரை எழுப்பி என்ன, இவர் மூச்சு அங்கேயல்லவா இருக்கிறது! அவள் திரும்பி அண்ணன் கன்னத்தில் பளார் என்று அறைந்தாள்.

இஞ்ஞாசி பெரிதாக ஒரு மூச்சு இழுத்தார். அதே நொடியில் பக்கத்துக் கட்டிலில் கஸ்பாரும் இழுத்தார். இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து, கரையில் போட்ட மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடினார்கள்.

டாக்டர் முதலில் பட்டையை அவிழ்த்துப் போட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேச முடிந்தது அவளுக்கு. "இவருக்கும் இருக்கு. உங்களுக்கு இருக்கிற அதே கோளாறு. தனியாத் தூங்கினா மூளை எப்படியும் இழுத்து எழுப்பிடும். ஆனா இந்த முகமூடி உங்களை எழும்ப விடாது, இவர் மூச்சு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கும். நான் சொன்னபடி இவர் முதல் ராத்திரியே தூங்கியிருந்தார்னா..."

இஞ்ஞாசி கன்னத்தைத் தடவிக்கொண்டே, "அப்பம் நான் செஞ்சது சரிதானோ?" என்று கேட்டார்.

ஆண்கள் இருவரும் தெளிந்ததும் பேச்சு பழையபடி கயிற்றுக்கே போயிற்று, இனி பட்டையை யார் கட்டுவது என்று. மணப்பாட்டில் பிரகாசியின் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான், அவனும் மச்சான் முறைதான். அவன் குடிப்பான். சரி, புன்னைக்காயலில்? அவன் வெளிநாடு. மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. டாக்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏன், அக்கா இருக்காங்களே?" என்றாள்.

"அது ஆகாது டாக்டரம்மா" என்றார் இஞ்ஞாசி. "பொஞ்சாதி கயிறு பிடிச்சாப் பயத்துல கை நடுங்கும். அதனாலதான் மச்சானுக்குன்னு விட்டிருக்கு."

பிரகாசிக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "நடுங்குமா? இத்தனை வருசமா ராத்திரி ராத்திரி இவரை எவன் இழுத்துப் போட்டான்? நீயா வந்தே? இப்பம் உன்னையும் சேத்துல்லா இழுத்துப் போட்டிருக்கேன்! கட்டுங்க டாக்டரம்மா பட்டையை."

கஸ்பார், "சரி, அவளே இருக்கட்டும்" என்றார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பிரகாசி கவனித்தாள். ஆழத்துக்கு வழி திறந்துவிட்டது என்ற வெளிச்சம். அது அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இந்தத் தடவை டாக்டர் ஏமாறத் தயாராக இல்லை. பிரகாசியை வேறொரு நாள் வரச்சொல்லி, தனி அறையில் படுக்கவைத்து, தலையெல்லாம் கம்பி ஒட்டி, மத்தியானம் முழுக்கத் தூங்கவிட்டுப் பார்த்தாள். பிரகாசி எழுந்து வந்தபோது தெம்பாகவே இருந்தாள். கஸ்பார் டாக்டரின் மேசைக்கு முன்னால் முன்னமே உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை தடவை முழிச்சீங்க, அக்கா?"

"ஒரு தடவைகூட இல்லையே. நல்ல தூக்கம்."

டாக்டர் திரையைத் திருப்பினாள். "இங்க பாருங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை உங்க மூச்சு நிக்குது. அண்ணாச்சிக்கு மாதிரி அடைச்சு இல்லை. நீங்களா நிறுத்துறீங்க. ஏதாவது சத்தம் வருதான்னு கேக்கிறவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேப்பாங்களே, அப்படி. மூளை முழுசா முழிச்சுடுது. சத்தம் வரலேன்னதும் உங்க முழங்கை போய்ச் சுவத்துல இடிக்குது. அப்புறம் தூங்குறீங்க. மறுபடியும் அதே."

"நான் அந்த ரூம்புலயே இல்லையே" என்றார் கஸ்பார்.

"நீங்க இல்லேன்னாலும் அப்படித்தான் அண்ணாச்சி. ஊருக்கே போயிட்டாலும் அப்படித்தான் இருக்கும். உங்களுக்கும் மச்சானுக்குமாவது கோளாறுன்னு ஒரு பேர் இருக்கு. இவங்களுக்கு உடம்புல ஒண்ணுமே இல்லை. ஆனா கல்யாணமானதுல இருந்து தூங்கினதே இல்லை. இந்த மூச்சை நான் யாருக்கும் குடுக்க முடியாது."

பிரகாசி தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தோல் சிவந்திருந்தது. அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். தன் வேலைக்கு லாயக்கில்லை என்று திருப்பியனுப்பப்பட்டவளின் வெட்கம். அவருடைய கடைசி வழியும் தன்னால் அடைபட்டது என்று நினைத்துப் புருஷன் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். கஸ்பார் எழுந்து வெளியே போனார். கோபம்தான் என்று முடிவு செய்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தார். உட்காரவில்லை.

"டாக்டரம்மா, அந்தக் காத்தடிக்கிற பழைய மெஷினு ரெண்டு வேணும். எனக்கொண்ணு, மச்சானுக்கு ஒண்ணு."

"அது ஆழத்துக்குப் போறவங்களுக்கு—"

"போவலை. இப்பந்தான் கம்பெனியில பேசிச் சொல்லிட்டேன். திரை பாக்குற வேலையைத் தரட்டும், இல்லேன்னா எதையாவது தரட்டும்."

பிரகாசி நிமிர்ந்தாள். நியாயப்படி அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "என்னையக் கேட்டியளா? நாளைக்கு உன்னாலதான் கரையில கெடக்கேன்னு ஆயுசுக்கும் என்னைக் குத்திக் காட்டவா?" என்று டாக்டர் முன்னாலேயே கேட்டாள். கஸ்பார் இரண்டு மெஷினையும் பெட்டியோடு வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. ஓட்டுநரும் நடத்துநரும் இல்லாத புது வண்டி. ஊர் வந்ததும் இருக்கையே குலுக்கி எழுப்பும். கஸ்பார் மெஷின் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தார். பிரகாசி அவரிடம் இன்னும் நாலு வார்த்தை கேட்பதென்று இருந்தாள். முள்ளக்காடு வரட்டும், கேட்கலாம் என்று நினைத்தாள். இனி இவர் வீட்டில் மூன்று நேரமும் உட்கார்ந்து உயிரை எடுப்பார் என்று நினைத்தாள். உப்பளங்கள் வெயிலில் மின்னிக்கொண்டு பின்னால் போயின.

கண் விழித்தபோது பேருந்து நின்றிருந்தது. வெளியே காவடியும் மொட்டைத் தலையுமாக ஒரே கூட்டம். கஸ்பாரின் தோளில் அவள் வாயிலிருந்து வடிந்த ஈரம் பெரிதாகப் பரவியிருந்தது.

"இது எந்த ஊரு?"

"திருச்செந்தூர்."

"நம்ம ஊரு?"

"அது எப்பமோ போயிட்டு."

"சீட்டு குலுக்கலையா?"

"குலுக்கப் பாத்துச்சு. கடைசி வரைக்கும்னு அமத்திட்டேன்."

அவள் திட்டுவதற்காகத் திரும்பினாள். அவர் கண்கள் ரத்தச் சிவப்பாக இருந்தன. வரிசையில் நிற்கும்போதே தூங்குகிற மனிதர் அவர். வண்டி கிளம்பி மூன்று நிறுத்தம் தாண்டுவதற்குள் குறட்டை விடுகிறவர். அவர் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நகம் பதிந்த தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஓரிடத்தில் தோல் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. வழி முழுக்கத் தன்னைத் தானே கிள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

பிரகாசிக்குத் திட்ட வரவில்லை.

"வலிக்கா?"

"இல்ல." அவர் கையை மறைக்கப் பார்த்தார். "இந்த வண்டி திரும்பியும் தூத்துக்குடிக்குத்தான் போவுதாம். வேணும்னா நீ இன்னும் கொஞ்சம் தூங்கு."

இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறினார்கள். பிரகாசி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, மறுபடியும் கண்ணை மூடினாள்.